மாப்பிள்ளைக் காயில்

பழைய பல் பிரஷ்ஷை எறியக் கூடாது ஐயா. பல்லுக்கு ஆகாமல் போன பிறகுதான் அது மற்ற வேலைக்கு ஆகும். மயிர் விரிந்து வளைந்திருந்தால் இன்னும் நல்லது, சந்து பொந்தெல்லாம் நுழையும். காரின் சோலனாய்டு பலகையைச் சுத்தம் செய்ய அதற்கு மேல் ஒரு கருவி கிடையாது. கடையில் இதற்கென்றே இரும்பு பிரஷ் விற்கிறார்கள். அது கீறிவிடும். அவசரக்காரர்கள்தான் அதை வாங்குவார்கள்.

பலகை என்றதும் நீங்கள் மரப்பலகையை நினைத்தீர்கள். இது ஒரு தகரத் தட்டு, விரித்த உள்ளங்கை அகலம். சில பழைய கார்களில் என்ஜினுக்குப் பின்னால், கை நுழையவே கஷ்டப்படும் இடத்தில் இதைத் திருகி வைத்திருப்பார்கள். அதன்மேல் கட்டைவிரல் பருமனில் ஐந்து வால்வுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் செப்புக் கம்பி சுற்றிய ஒரு காயில். கரண்ட் வந்தால் உள்ளே இருக்கும் ஊசி டிக் என்று எழுந்து வழி விடும். கரண்ட் போனால் படுத்து வழியை அடைக்கும். அவ்வளவுதான் சோலனாய்டு. நான்கு வால்வு காற்றுக்கு, ஐந்தாவது பெட்ரோலுக்கு. காற்று வால்வு கெட்டால் வண்டி இருமும், இழுக்காது. பெட்ரோல் வால்வு மூடிக்கொண்டால் வண்டி நின்றுவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் மனுஷ விஷயம்.

தாளையும் பேனாவையும் வைத்துவிட்டு, "உன் கையாலேயே எழுதுய்யா" என்றீர்கள். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தலை நரைத்த பிறகு கற்ற எழுத்து. யார் கற்றுக்கொடுத்தார் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

நான் மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் வேலை பார்த்தவன். மீசை முளைத்தபோது உட்கார்ந்த ஸ்டூலிலிருந்து மீசை நரைத்த பிறகுதான் எழுந்தேன். கண் மங்கியதும், "பெரியவரே, போதும், வீட்டுல போய் நிம்மதியா இருங்க" என்றார்கள். நிம்மதி என்று எதைச் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தங்கைகளைக் கரையேற்றினேன். கரையேறியவர்கள் ஆற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் மேல் குற்றமில்லை, ஈரம் காய்ந்தால் யாருக்குத்தான் ஆறு ஞாபகம் இருக்கும்.

வீடு என்பது ஓர் அறை, ஓர் அடுப்படி. பக்கத்தில் தகரக் கூரை போட்ட கார் ஷெட். நான் கீழ்க் குடித்தனம். மாடியில் இன்னொரு குடித்தனம், அது அடிக்கடி காலியாகவே கிடக்கும். அந்த நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். தெருமுனைக் கடையில் போய் "ஒரு தீப்பெட்டி" என்று கேட்பேன். குரல் கரகரத்து வெளியே வராது. கடைக்காரர், "என்ன பெரியவரே, தொண்டை கட்டிக்கிச்சா?" என்பார். தொண்டை கட்டவில்லை. பல நாளாகத் திறக்காத கதவு, அவ்வளவுதான். வீட்டில் தீப்பெட்டி மட்டும் ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது.

அப்போதுதான் மாடிக்கு அவர்கள் இருவரும் வந்தார்கள். அவர் பல்செட்டு செய்கிறவர். மருத்துவமனைகள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்து ரோஸ் நிற ஈறும் வெள்ளைப் பல்லும் செய்து, டப்பாவில் போட்டுக் காரில் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் மனைவி சின்னப் பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். அவரை நான் தம்பி என்றும் அந்தம்மாவை டீச்சர் என்றும் கூப்பிட்டேன். இருவருக்கும் நான் அண்ணன். காரணம் கேட்காமல் வைத்த முறை.

முதல் தடவை வண்டி உண்மையாகவே கெட்டிருந்தது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தம்பி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கில் கரியோடு நின்றிருந்தார்.

"அண்ணே, இது ஏன் இப்படி இருமுது?"

"சளி பிடிச்சிருக்கு தம்பி" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சொன்னதற்கு ஒருவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டேன்.

பலகையைக் கழற்றுவதற்கு முன் எந்தக் குழாய் எந்த வால்வுக்கு என்று அடையாளம் வைக்க வேண்டும். ரப்பர் குழாயெல்லாம் ஒரே கறுப்பு, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும். மாற்றி மாட்டினால் போச்சு. டீச்சர் மேலிருந்து பிளாஸ்திரியும் பேனாவும் கொண்டுவந்து, க, ச, ட, த, ப என்று எழுதி ஒவ்வொரு குழாயிலும் ஒட்டினார். "க எதுண்ணே?" என்று கேட்டார். நான் ஏதோ ஒரு குழாயைக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். அடுத்த ஞாயிறு ஒரு சிலேட்டோடு இறங்கி வந்தார். என்னை வெட்கப்பட வைக்காமல், "குழாய்க்குப் பேரு வைக்கவாவது தெரிஞ்சுக்கணும்ல" என்றார். அந்த வண்டியின் குழாய்களை வைத்துத்தான் நான் எழுத்துக் கற்றேன். பெட்ரோல் குழாய் ப. இப்போது இதை நானே எழுதுகிறேன் என்றால் அது டீச்சர் கொடுத்தது.

சுத்தம் செய்யும் முறை இதுதான். வால்வின் வாய்களைப் பெட்ரோல் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும், காயில் பக்கம் ஈரம் படக் கூடாது. வயர் மாட்டும் இடத்தைப் பொடி உப்புத்தாளால் இலேசாகத் தேய்க்க வேண்டும். வெடித்த ரப்பரை மாற்ற வேண்டும். துணியில் துடைத்து நிழலில் காயவிட வேண்டும். பிறகு சோதனை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பேட்டரியிலிருந்து வயரை எடுத்து வால்வில் தொட வேண்டும், இன்னொருவர் குழாயில் வாய் வைத்து ஊத வேண்டும். தொட்டால் டிக் என்று திறந்து காற்று போக வேண்டும், எடுத்தால் அடைத்துக் கன்னம் உப்ப வேண்டும். தம்பி தொடுவார், நான் ஊதுவேன். தொடு, ஊது, எடு, ஊது. ஐந்து வால்வுக்கும் இப்படி.

தனி ஆளாகவும் இதைச் செய்யலாம். வயரில் ஒரு கிளிப் போட்டால் போதும். பட்டறையில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். அந்தக் கிளிப் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நான் அதைப் பற்றிச் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

இரண்டு ஞாயிறு வேலை நடந்தது. வண்டி பூனை மாதிரி ஓடத் தொடங்கியது. தம்பி என் கையைப் பிடித்து, "அண்ணே, உங்க கைக்கு மோதிரம் போடணும்" என்றார். மோதிரத்துக்குப் பதில் என் வாயை அளவெடுத்து ஒரு பல்செட்டு செய்து கொடுத்தார். ஓட்டைப் பல்லோடு வாழ்ந்தவனுக்கு ஒரு வாய் நிறைய முத்து. கண்ணாடியில் பார்த்துப் பழக்கமில்லாதவன் அன்று நாலு முறை பார்த்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு யாரும் கீழே வரவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, வண்டிதான் சரியாகிவிட்டதே. மாடியில் செருப்புச் சத்தம் கேட்டது. படியிறங்கினார்கள். டீச்சர் தலைக்குக் குளித்துப் புதுப் புடவை கட்டியிருந்தார். "போயிட்டு வரோம்ணே" என்று கையாட்டினார்கள். வண்டி இருமாமல் போனது. நான் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். கழுவி வைத்த பிரஷ் காய்ந்திருந்தது. புதுப் பல்லோடு யாரிடம் பேசுவது என்று தெரியவில்லை.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். பிள்ளை அழவில்லை, வண்டி அழுதால் என்ன என்று தோன்றியது. தம்பி மதியம் தூங்கும் நேரத்தில், ஒரு காற்றுக் குழாயைக் கழற்றி, அரிசி அளவு பஞ்சை உள்ளே திணித்து மாட்டிவிட்டேன். அதில் யாருக்கும் ஒரு கெடுதியும் இல்லை. வண்டி கொஞ்சம் இருமும், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "அண்ணே, உங்க நோயாளிக்கு மறுபடியும் சளி."

அந்த ஞாயிறுகளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். டீச்சர் படியில் டம்ளரோடு உட்கார்ந்து, நான் ஊதும்போதெல்லாம் சீண்டுவார்.

"அண்ணே, மெதுவா ஊதுங்க. பல்லு பறந்து வந்து என் டீயில விழுந்துடப் போகுது."

"விழுந்தா என்ன டீச்சர், செஞ்சவர் பக்கத்துலதானே நிக்கறாரு."

"செஞ்சவரா? அவர் சுவத்துல அடிச்ச ஆணியைப் பார்த்திருக்கீங்களா? காலண்டர் ஒரு பக்கமா சாஞ்சு நம்மள முறைக்குது."

"ஆணி வேற, பல்லு வேற" என்பார் தம்பி. "ஆணி அடிச்சா திரும்பி வந்து திட்டாது. பல்லு மாட்டினவங்க திட்டறதுக்குன்னே திரும்பி வர்றாங்க, நான் கொடுத்த பல்லாலயே."

நாங்கள் சிரிப்போம். வயர் தவறிப் பட்டு டிக் டிக் என்று வால்வும் சேர்ந்து சிரிக்கும். நான் கேட்டதெல்லாம் இவ்வளவுதான் ஐயா. வாரத்தில் ஒரு காலைப்பொழுது. அதற்காக ஓர் அரிசி அளவு பஞ்சு. டாக்டரும்தான் அடுத்த வாரம் வாருங்கள் என்கிறார், அவரை யாராவது பிடித்து அடைக்கிறார்களா.

வினை எங்கே வந்தது என்றால், வேலை நாளில் ஒருமுறை வண்டி இருமியபோது தம்பி அதைத் தெருக்கோடி பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கே இருக்கும் மெக்கானிக்கைக் கண்ணாடி என்பார்கள், புட்டியின் அடிப்பாகம் போல மூக்குக்கண்ணாடி. நல்ல வேலைக்காரர். குழாயை உதறிப் பஞ்சை வெளியே எடுத்துவிட்டார். "எலி கூடு கட்டியிருக்கு" என்றாராம். அன்று எலி என்றார். இன்னொரு நாள் எலி என்று சொல்வாரா. அதனால் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தேவைப்பட்டது.

பட்டறையில் எங்களுக்கு ஒரு காயில் தெரியும். உள்ளே எங்கேயோ கம்பி விட்டுப்போய், இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். ஆறியிருக்கும்போது கரண்ட் ஒழுங்காகப் போகும். சூடேறினால் கம்பி நீண்டு விலகி, கரண்ட் நின்றுவிடும். ஆறவிட்டால் திரும்பவும் தொட்டுக்கொள்ளும். அதற்கு மாப்பிள்ளைக் காயில் என்று பெயர். சூடானால் பந்தியிலிருந்து எழுந்து போய்விடும், ஆறினால் யாரும் கூப்பிடாமலே வந்து உட்காரும். வாழ்நாள் முழுக்க நான் தேடித் தேடித் தூக்கிப் போட்ட காயில் அது. முதல் தடவையாக அதை வேண்டுமென்றே சுற்றினேன். பழைய பாகங்கள் விற்கும் கடையில் அதே மாதிரி ஒரு பெட்ரோல் வால்வு கிடைத்தது. அதைப் பிரித்து, கம்பியைச் சுற்றி, நடுச்சுற்றில் வெட்டி, முனைகளை முத்தமிடவைத்து, மேலே மூடிச் சுற்றினேன். கண் மங்கியவன் என்று அனுப்பிவைத்தார்களே, அவர்களுக்குக் காட்ட வேண்டும் போல இருந்தது. அவ்வளவு சுத்தமான வேலை.

இங்கே ஒரு தப்பு செய்தேன். காயில் சுற்றி முடித்ததும் கடைசி முனை அவிழாமல் இருக்கச் சிவப்பு நூலால் கட்டுவோம். பட்டறையில் ஆளுக்கொரு முடிச்சு. பெயர் எழுதத் தெரியாதவர்கள் எங்களுக்குள் வைத்துக்கொண்ட கையெழுத்து. எது யார் சுற்றியது என்று முடிச்சைப் பார்த்தால் தெரியும். என் முடிச்சு இரட்டைச் சுருக்கு, வால் இடப்பக்கம். ஒரு ஞாயிறு தம்பியிடம் பெருமையாகக் காட்டியும் இருக்கிறேன். இந்தக் காயிலிலும் அதையே போட்டேன். நினைத்துப் போடவில்லை. கை தானாகப் போட்டது.

அதன் பிறகு எனக்கு எல்லாம் வசதியாகிவிட்டது. ஆள் வேண்டும் என்று தோன்றினால் மாப்பிள்ளையை மாட்டுவேன். போதும் என்றால் நல்ல வால்வை மாட்டுவேன். பெரும்பாலான நாள் நல்ல வால்வுதான் இருந்தது. நான் பைத்தியக்காரன் இல்லை. வண்டி எங்காவது நிற்கும். தம்பி பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஆறிவிடும். கண்ணாடி வயரைத் தொட்டுப் பார்ப்பார், டிக். "நல்லாத்தானே இருக்கு. இந்த வண்டிக்கு மெக்கானிக் வேணாம் தம்பி, மந்திரவாதிதான் வேணும்" என்று அனுப்பிவிடுவார். தம்பி என்னிடம் வருவார்.

ஒருநாள் கண்ணாடி என்னைத் தெருவில் நிறுத்தினார்.

"பெரியவரே, வண்டி நிக்கறது பெரிசு இல்ல. எங்க நிக்குதுங்கறதுதான் பெரிசு. பாலத்து ஏத்தத்துல போய் நின்னுச்சுன்னா, பின்னால சுமையோட வர்ற லாரிக்காரன் என்னத்த பண்ணுவான்? அந்த அஞ்சு வால்வையும் தூக்கி எறிஞ்சுட்டுப் புதுசா மாட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

"சொல்றேன்" என்றேன். சொல்லவில்லை. புதிதாக மாட்டினால் அப்புறம் சுத்தம் செய்ய என்ன இருக்கிறது.

டீச்சரின் அம்மா வேறு ஊரில் இருந்தார். அவருக்கு முடியவில்லை என்று ஒரு காலையில் செய்தி வந்தது. இருவரும் அடித்துப் பிடித்துக் கிளம்பினார்கள். அன்று மாப்பிள்ளை மாட்டியிருந்த நாள். இப்படி ஒரு செய்தி வரும் என்று எனக்கு எப்படித் தெரியும். வண்டி வழியில் நான்கைந்து இடத்தில் நின்று நின்று போயிருக்கிறது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடிவிட்டார்கள். ஆனால் டீச்சரின் அம்மா முந்தின நாளே நினைவு தப்பிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். நேரத்துக்குப் போயிருந்தாலும் பேசியிருக்கப் போவதில்லை. கணக்குப் பார்த்தால் நஷ்டம் பெரிதில்லை.

அந்த வாரம் டீச்சர் பள்ளிக்குப் போகவில்லை. தினமும் ஷெட்டுக்கு வந்து அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். "கடைசியா என் பேரைச் சொன்னாங்களாம்ணே. நான் வழியில நின்னுட்டிருந்தேன்" என்பார். நான் டீ போட்டுக் கொடுப்பேன். "விதி டீச்சர், நம்ம கையில என்ன இருக்கு" என்பேன். அந்த வாரம் மாடியில் அவர் உட்கார்ந்ததைவிட என் பக்கத்தில் உட்கார்ந்ததுதான் அதிகம்.

அதற்குப் பிறகு அவருக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. தம்பிக்கு வேறு ஊரில் பெரிய இடத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார்கள். என்னிடம் சொல்ல இருவருமே தயங்கியிருக்கிறார்கள். கடைசியில் டீச்சர்தான் சொன்னார், சிலேட்டை என்னிடம் கொடுத்துவிட்டு. "இது உங்ககிட்டயே இருக்கட்டும்ணே." நான் அதை வாங்கிக்கொண்டு, "நல்லது டீச்சர், ரொம்ப நல்லது" என்றேன். அன்றும் மறுநாளும் நான் சாப்பிட்டேனா என்று ஞாபகம் இல்லை.

சாமான்கள் எல்லாம் ஒரு வண்டியில் முன்னாலேயே போய்விட்டன. இருவரும் காரில் போவதாக ஏற்பாடு. தூரப் பயணம் என்பதால் பலகையை ஒருமுறை முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிக் கொடுக்கச் சொன்னார் தம்பி. செய்தேன். நிதானமாக, ஒரு குறை வைக்காமல் செய்தேன். தொட்டு ஊதிப் பார்த்தோம். அவர் கை கழுவப் போனபோது ப குழாயைக் கழற்றி, நல்ல வால்வை எடுத்துவிட்டு, மாப்பிள்ளையை மாட்டினேன்.

என் எண்ணம் என்ன என்று நீங்கள் கேட்டீர்கள். எளிமையானது. வெயில் நாளில் அந்தக் காயில் சந்தைச் சந்திப்புவரைதான் தாங்கும். பலமுறை பார்த்திருக்கிறேன். அங்கே வண்டி நிற்கும். தம்பி எனக்கு ஃபோன் செய்வார். நான் போவேன். மூவருமாகத் தள்ளிக்கொண்டு திரும்பி வருவோம். மாடியில் பாயும் இல்லை பாத்திரமும் இல்லை, அதனால் என் அறையில்தான் தங்க வேண்டியிருக்கும். போர்வைகளைத் துவைத்து வைத்திருந்தேன். மூன்று பேருக்குச் சமைத்து மூடி வைத்திருந்தேன். ஒரு நாள் தங்கினால் இன்னொரு நாள் தங்கச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அவர்கள் கிளம்பிய அன்று காலை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் காரில் ஏறப் போனவர் திரும்பி வந்து என் முன்னால் நின்றார்.

"அண்ணே, சும்மா சொல்லல. அங்க ஷெட் வச்ச வீடுதான் பார்த்திருக்கோம். பக்கத்துல ஒரு ரூமும் இருக்கு. நாங்க போய் அடுப்பு பத்தவச்சதும் உங்களை வந்து கூட்டிட்டுப் போவோம். இவரும் நானும் பேசி வச்சாச்சு."

"சரி டீச்சர்" என்றேன்.

போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். என் தங்கைகளும் சொன்னார்கள். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். அவர் அதைச் சொன்ன விதம் பொய் போல இல்லை. கழுத்தை நீட்டி, "கேட்டுச்சா?" என்று இரண்டாம் தடவை கேட்டார். அப்போது பானட் திறந்துதான் இருந்தது. நல்ல வால்வு என் சட்டைப் பையில் இருந்தது. இரண்டு திருகு, ஒரு குழாய், ஒரு வயர். ஒரு பாட்டு பாடி முடிக்கும் நேரம்கூட ஆகாது. தம்பி கேட்டார்.

"அண்ணே, தைரியமாப் போகலாமா?"

"கண்ணை மூடிட்டுப் போகலாம் தம்பி" என்று பானட்டை மூடினேன்.

கூட்டிப்போவார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும் அது இன்னொரு நாள். அதுவரை இருக்கும் நாட்களை யார் பார்ப்பது. எனக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது.

தூறலை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என்ஜின் சூடாக நேரம் பிடித்திருக்கிறது. சந்தைச் சந்திப்பைத் தாண்டி, ஊரைத் தாண்டி, பாலத்து ஏற்றம்வரை காயில் தாங்கியது. சொன்னேனே, சுத்தமான வேலை. ஏற்றத்தின் நடுவில் நின்றது. பின்னால் லாரி. டீச்சர் உட்கார்ந்திருந்த பக்கம்.

பாலம் பற்றித் தெரியாது என்று நான் உங்களிடம் முன்பு சொன்னது சரியில்லை. தெரியும். கண்ணாடி சொல்லியிருந்தார். அந்த ஊருக்கு வேறு சாலை இல்லை என்பதும் தெரியும். தாங்கினால் பாலத்தில் நிற்கும் என்பதும், நின்றால் என்ன ஆகும் என்பதும் பானட்டை மூடும்போது என் மனதில் இருந்தது. ஆனாலும் மூடினேன். இதைத்தானே எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன். டீச்சரைக் கொன்றது நான்.

லாரிக்காரரைப் பிடித்து வைத்திருந்தீர்கள். அவருக்குப் பிள்ளைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைகள் இருக்கிறவர்கள் எங்கே இருந்தாலும் தனியாக இருப்பதில்லை. அதனால் அவரைப் பற்றி நான் அதிகம் யோசிக்கவில்லை.

தம்பிக்குக் கால் முறிந்திருந்தது. மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு இனிமே யாருண்ணே இருக்கா?" என்றார். "நான் இருக்கேன்" என்றேன். கட்டோடு என் அறைக்கே கூட்டிவந்தேன். கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் கீழே படுத்தேன். குளிக்க வைத்தேன். ஊட்டிவிட்டேன். அவர் தூங்கும்போது மூச்சுச் சத்தம் அறை முழுக்க இருக்கும். ஒரு சுவருக்குள் இரண்டு மூச்சு. அந்த நாட்களில் எனக்குக் குறை என்று ஒன்றும் இருக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் தவறாக எடுத்துக்கொள்வீர்கள். ஆனால் அதுதான் உண்மை.

கண்ணாடி சும்மா இருக்கவில்லை. நொறுங்கிய வண்டியிலிருந்து பலகையைக் கழற்றி வந்து, ஒவ்வொரு வால்வையும் வெந்நீரில் போட்டுச் சூடாக்கி, வயரைத் தொட்டு டிக் கேட்கிறதா என்று பார்த்திருக்கிறார். ஒன்றில் மட்டும் கேட்கவில்லை. அதைப் பிரித்து, உள்ளே இருந்த காயிலைத் தம்பியிடம் கொண்டுவந்து கொடுத்தார். நான் அடுப்படியில் இருந்தேன். தம்பி கூப்பிட்டார், எப்போதும் போலத்தான் கூப்பிட்டார்.

"அண்ணே, இது உங்க முடிச்சுதானே?"

சிவப்பு நூல், இரட்டைச் சுருக்கு, வால் இடப்பக்கம்.

"ஆமா தம்பி" என்றேன். வேறு என்ன சொல்வது. அது என் கையெழுத்து.

அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. கண்ணாடி அவரைத் தோளில் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் நான், "தம்பி, மருந்து மேசை மேல இருக்கு" என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

இந்த அறை பரவாயில்லை ஐயா. ஜன்னல் உயரத்தில் இருக்கிறது, ஆனால் காற்று வருகிறது. நீங்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகுச் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்வீர்கள். உங்கள் வீட்டில் பாப்பாவுக்குப் பல் முளைப்பதைச் சொன்னீர்கள். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வரச் சொல்கிறீர்கள். நேற்று மட்டும் மேசையைத் தட்டினீர்கள். "ஏன்யா, முதல் நாள் காயில் தானா கெட்டுச்சுன்னே. அப்புறம் கண்ணாடி மேல சந்தேகம்னே. முந்தாநாள் நான்தான் மாட்டினேன், ஆனா பாலம் தெரியாதுன்னே. எத்தனை தடவைதான் நான் வந்து உட்கார்றது? உனக்கு என்னதான்யா வேணும்?"

கோபப்படாதீர்கள். இன்று எழுதியிருப்பது நிஜம். நல்ல வால்வு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் பாக்கி, அதை நாளைக்குச் சொல்கிறேன், அவசரமில்லாமல் வாருங்கள். யாரையும் அலையவைக்கும் குணம் எனக்கு என்றுமே கிடையாது. ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள் ஐயா, முதல் நாளே எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டால் மறுநாள் யார் வருவார்கள்.